மேல்மாடி அடுப்பில் பொங்கிய பால்

லிஃப்ட் பதினான்காம் மாடிக்கும் பதினைந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன நாற்பது நிமிடத்தில்தான் எனக்கு வீடு வாங்கும் யோசனை வந்தது.

அப்போது நானும் என் மனைவி மாலதியும் ரொறொன்ரோவில், செயின்ட் ஜேம்ஸ் டவுனில் ஓர் உயரமான கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கையில் மூன்று பால் பைகள். என்னோடு லிஃப்டில் அகப்பட்டவர் ஒரு பூச்சுவேலைக்காரர். யார் வீட்டிலோ மேல்கூரைக் காரை பெயர்ந்ததைச் சரிசெய்துவிட்டு வந்தவர். வயது என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். புருவத்தில்கூட வெள்ளைத் தூள். அவர் ஆங்கிலத்தில் இத்தாலி இருந்தது, என் ஆங்கிலத்தில் திருச்சி இருந்தது. ஆனால் நாற்பது நிமிடம் என்பது இரண்டு பேர் பழகிக்கொள்ளப் போதுமான நேரம். என்ன படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். கட்டடங்கள் விழாமல் இருக்க உத்தரங்களுக்குக் கணக்குப் போடுகிறேன் என்றேன்.

"அப்படியென்றால் உனக்கு எத்தனை வீடு?"

நான் பால் பைகளைப் பார்த்தேன்.

"எனக்கு மூன்று" என்றார். பெருமைகூட இல்லை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் சொல்வோமே, அப்படி. மேலே இருப்பவர்கள் வாடகை கொடுக்கிறார்கள், அது வங்கிக்குப் போகிறது. தான் கீழே பேஸ்மென்ட்டில் இருப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான் பாடம். லிஃப்ட் மறுபடி அசைந்தபோது என் மனசு ஏற்கெனவே இறங்கித் தெருத் தெருவாக வீடு பார்க்கப் போயிருந்தது. பால் மட்டும்தான் என்னோடு பதினெட்டாம் மாடிக்கு வந்தது.

நண்பர்களே, நம் மன்றத்தின் சென்ற கூட்டத்தில் "வீடு வாங்கி வாடகைக்கு விட விரும்புவோர்" என்று ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த ஒன்பது பேருக்கும் அனுபவம் சொல்லு என்று மலர்க்குழு என்னைப் பிடித்துக்கொண்டது. பணி அனுபவம் எழுதுகிறவர்கள் ஓய்வு பெற்றிருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு முப்பது வயதாகவில்லை. ஆனாலும் ஒரு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்: வாடகைக்காரன் வேலை. அதைவிட்டு வெளியே வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அந்த மிச்ச சொச்ச ஞானத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

மார்ட்கேஜ், வட்டி, பத்திரம் இதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு வக்கீல் இருக்கிறார், காசும் வாங்குகிறார். விலை ஏறுமா இறங்குமா என்றும் கேட்காதீர்கள். ஏறும் என்பவரும் இறங்கும் என்பவரும் என் ஆபீஸில் ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள். நான் சொல்லப்போவது ஓர் அடுப்பைப் பற்றியும் ஓர் உறையைப் பற்றியும்.

எட்டு மாதம் தேடி, ஜெரார்ட் தெருவில் ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் போகும் வழியில், காக்ஸ்வெல் தெருவுக்குப் பக்கத்தில், செங்கல் வீடு ஒன்று கிடைத்தது. கீழே இரண்டு அறையும் சமையலறையும். மேல்மாடியில் தனியாக ஒரு குடித்தனம். மேலே பதினோரு வருஷமாக மிஸஸ் ஃப்ரேசர் என்ற அம்மாள் தனியாக இருந்தார். ரொட்டிக் கடையில் வேலை. காலை ஐந்து மணிக்குப் போனால் மத்தியானம்தான் வருவார், வாடகை ஒரு நாள் தவறியதில்லை என்று வீட்டை விற்றவர் சொன்னார். எங்கள் திட்டமே அந்த அம்மாளின் மேல்தான் நின்றது. என் சம்பளம், மாலதி ஆஸ்பத்திரி லேபில் வாங்கும் சம்பளம், மேல்மாடி வாடகை, மூன்றும் சேர்ந்தால்தான் மாதத் தவணை. மேல்மாடி காலியானால் மூன்று மாதம் தாங்குவோம். நான்காவது மாதம் வீடு கையைவிட்டுப் போகும், எங்கள் ஐந்து வருஷச் சேமிப்பையும் கூட்டிக்கொண்டு.

எனக்குத் தெரிந்தவர்களில் சொந்த வீடும் காரும் உள்ள ஒரே ஆள் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், லண்டன் வழியாக இங்கே வந்தவர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தம்பி, பிக்கரிங்கில புது வீடு கிடக்கு. பெயின்ற் மணம் போகாத வீடு. ரெயினில ஏறினால் நேரே டவுன்ரவுண். உமக்கேன் உந்தப் பழசு, அதுவும் மேல ஆள் இருக்கிற வீடு?"

"மேல ஆள் இருக்கிறதாலதான் அண்ணை வாங்குறேன்."

"ஓம், வாங்கும். பிறகு சிவம் அண்ணை சொல்லேல்லை எண்டு சொல்லப்படாது."

வாங்குவதற்கான விண்ணப்பத்தை எழுதும்போது ஏஜென்ட் கேட்டார்: "வீட்டோடு வேறு என்னென்ன சேர வேண்டும்?" நான் சொன்னேன்: "வீடு சேர்ந்தால் போதும்." நகைச்சுவையாகத்தான் சொன்னேன். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே தாளில் அந்தக் கேள்விக்கான கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாள். நாம் எத்தனை படித்தாலும் பால் காய்ச்சாமல் வீட்டுக்குள் போவோமா? அப்பா ஊரிலிருந்து ஏர்மெயிலில் குறித்து அனுப்பினார்: கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, காலை ஐந்து நாற்பதிலிருந்து ஆறு பத்துக்குள். அதை விட்டால் மார்கழி, பிறகு தை வரை வாசலை மிதிக்கக் கூடாது. புதன்கிழமை மாலை சாவி கிடைத்தது. வியாழக்கிழமை விடியும் முன் சிவம் அண்ணை காரில் போய் இறங்கினோம். மாலதி பட்டுப்புடவைக்கு மேல் கோட்டு. நான் வேட்டிக்கு மேல் கோட்டு, காலில் பனிக்காலணி. கையில் பிள்ளையார் படம், வெள்ளிச் சொம்பு, பால் பை, கற்பூரம்.

வழியில் சிவம் அண்ணை கேட்டார்: "தம்பி, உது இந்திய நேரமோ, ரொறொன்ரோ நேரமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"சூரியன் எங்க உதிக்குதோ அங்கத்து நேரம்" என்று பின் இருக்கையிலிருந்து மாலதி தீர்ப்புச் சொன்னாள். "இறங்குங்க, மணி அஞ்சே முக்கால்."

கதவைத் திறந்து வலது காலை வைத்து உள்ளே போனோம். சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டேன். அடுப்பு இல்லை.

அடுப்பு இருந்த இடத்தில் சுவரில் ஒரு பெரிய பிளக் பாயிண்ட், தரையில் சதுரமாக ஓர் அழுக்குத் தடம், அதன் நடுவில் காய்ந்துபோன ஒரு மக்ரோனி. விற்றவர் அடுப்பையும் ஃப்ரிட்ஜையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பே இல்லை. இந்த ஊரில் எழுதாத பொருள் வீட்டோடு வராது. எழுத வேண்டிய கட்டத்தில்தான் நான் நகைச்சுவை செய்திருந்தேனே.

மணி ஐந்து ஐம்பது.

"வெளியில கல்லு மூண்டு வச்சு மூட்டுவம்" என்றார் சிவம் அண்ணை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, கேலி பண்ணாதீங்க."

"கேலியில்லை. வேற என்ன வழி?"

நான் கையிலிருந்த சாவி வளையத்தைப் பார்த்தேன். அதில் இரண்டு சாவிகள். மேல்மாடியில் அடுப்பு உண்டு. அந்த அம்மாள் ஐந்து மணிக்கே வேலைக்குப் போயிருப்பார். ஐந்து நிமிட வேலை. பிறகு துடைத்துவைத்துவிட்டு இறங்கிவிடலாம். என் வீட்டில்தானே காய்ச்சுகிறேன்?

"வேணாங்க" என்றாள் மாலதி.

"மார்கழி பிறந்துடும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு அவளும் மடங்கினாள். மூன்று பேரும் மேலே ஏறினோம். சமையலறை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சொம்பில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தோம். கற்பூரம் ஏற்றத் தட்டு கொண்டுவரவில்லை. அலமாரியில் நீலப் பூப்போட்ட ஒரு சாஸர் இருந்தது, எடுத்துக்கொண்டேன். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் பால் நுரைத்து எழுந்து, கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. அருமையான சகுனம். மாலதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வழிந்த பால் அடுப்பின் சுருளில் பட்டுச் சுறுசுறுவென்று தீய்ந்து வீடெல்லாம் நெடி.

உள்ளறைக் கதவு திறந்தது.

காய்ச்சலில் முகம் சிவந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு மிஸஸ் ஃப்ரேசர் நின்றார். அன்றைக்கு மட்டும் அவர் வேலைக்குப் போகவில்லை. அவர் பார்வையில் அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள்: விடியாத நேரத்தில், தன் சமையலறையில், முன்பின் பார்த்திராத மூன்று பேர், ஒருத்தி தங்கச் சரிகை, ஒருவன் கோட்டுக்குக் கீழே வெள்ளைத் துணி, நடுவில் நெருப்பு.

அவர் முதலில் சொன்னது: "அது என் சாஸர்."

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பால், நாள், அடுப்பு, அப்பா, ஏர்மெயில் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையை நீட்டிக் கதவைக் காட்டினார்.

"என் வீட்டை விட்டு வெளியே போ."

அப்போதுதான் அந்தப் பொன்மொழியை உதிர்த்தேன். "அம்மா, இது என் வீடு."

"தம்பி, வாயை மூடும்" என்றார் சிவம் அண்ணை, தமிழில், உதடு அசையாமல்.

மாலதி அடுப்பை அணைத்து, துணி தேடித் துடைக்கப் போனாள். "தொடாதே. என் அடுப்பை நானே துடைத்துக்கொள்வேன்" என்றார் அந்த அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, சத்தம் போடாமல்: "வேறு இடம் கிடைத்த அன்றைக்கு நான் போய்விடுவேன். நீ உன் வீட்டை முழுதாக வைத்துக்கொள்ளலாம்."

படியிறங்கும்போது அந்தச் சமையலறையைத் திரும்பிப் பார்த்துச் சிவம் அண்ணை கேட்டார்: "நீர் வீடு வாங்கினீரோ, இல்லாட்டி அவவின்ர குசினியையும் சேர்த்து வாங்கினீரோ?"

நண்பர்களே, அந்தக் கேள்வியை நான் வெறும் கிண்டலாக எடுத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் வக்கீலுக்குப் போன் செய்தபோது அதே கேள்வியைச் சட்டமாகச் சொன்னார். குடியிருப்பவரின் கதவுக்குள் போக வேண்டுமானால் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் வாங்குவது சுவரும் கூரையும். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற சமையலறை, அதில் இருக்கிற சாஸர், காய்ச்சலில் படுத்திருக்கும் உரிமை, இதெல்லாம் விற்பனையில் சேராது. நம் ஊரில் வீட்டுக்காரர் சாயங்காலம் குடித்தனக்காரர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காபி கேட்பார்; யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தை விமானத்தில் என்னோடு கொண்டுவந்துவிட்டேன். நீங்களும் கொண்டுவந்திருப்பீர்கள், பெட்டியைத் தேடிப் பாருங்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுதி மேல்கதவின் அடியில் நழுவவிட்டேன். பதில் இல்லை. அடுத்த வாரம் மாடிப்படியில் இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்து உட்கார்ந்தன, ரொட்டிக் கடையிலிருந்து வந்த வெண்ணெய்ப் பெட்டிகள். அதற்கடுத்த வாரம் ஐந்து. பிறகு எட்டு. நான் தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவற்றை எண்ணினேன்.

"நேரா போய்க் கேட்டுடுங்களேன், போறீங்களா இருக்கீங்களான்னு" என்பாள் மாலதி.

"கேட்டா, போறேன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். பெட்டியை எண்ணிட்டிருந்தா மட்டும் இருந்துடுவாங்களா?"

கேட்கவில்லை. நாளை கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று ஆறு வாரம் ஓடியது. கேள்வியைத் தள்ளிப்போட்டால் பதிலும் தள்ளிப்போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. இது இரண்டாவது பிழை. முதலாவதைவிடப் பெரியது. பின்னால் வருகிறது பாருங்கள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மாலதிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. இன்னும் திரும்பவில்லை. ஏழு மணிக்கு நான் எழுந்தபோது என் மூச்சு எனக்கே புகையாகத் தெரிந்தது. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. கூடத்துக்கு வந்தால், எங்கள் கதவடியில் ஓர் உறை. மேலே நிமிர்ந்த எழுத்தில் "வீட்டுக்காரருக்கு" என்று ஆங்கிலத்தில்.

வந்துவிட்டது, காலி செய்யும் நோட்டீஸ் என்று நினைத்தேன். பிரிக்கவில்லை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, முதலில் சூட்டைக் கவனிப்போம் என்று பேஸ்மென்ட்டுக்கு ஓடினேன்.

எண்ணெய் பாய்லர் செத்துக் கிடந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஒரு முனகல், பிறகு மௌனம். இன்னொரு முறை, அதே முனகல். பழுதுபார்க்கும் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஊரெல்லாம் இதே கதை, சாயங்காலத்துக்கு முன்னால் ஆள் வராது என்றார்கள். "அதுவரை எல்லாக் குழாயையும் நூல் அளவு திறந்து ஓடவிடு. குறிப்பாக வடக்குச் சுவர்க் குழாய்கள். இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும்."

கீழே எல்லாவற்றையும் திறந்தேன். வடக்குச் சுவரில், என் சமையலறைக்கு நேர் மேலே, மிஸஸ் ஃப்ரேசரின் சமையலறை. அவர் வேலைக்குப் போயிருந்தார். தட்டிப் பார்த்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன். சாவி என் கையில். ஏழாவது படியில், இருபுறமும் வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். முறைப்படி இப்போது நோட்டீஸ் கொடுத்தால் நாளைக் காலையில் உள்ளே போகலாம். குழாய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சிவம் அண்ணைக்குப் போன் போட்டேன். "அண்ணை, மேல போகணும். அவங்க இல்ல. போகலாமா?"

"ஏன், திரும்பவும் பால் காய்ச்சவோ?"

"பாய்லர் நின்னுடுச்சு அண்ணை! குழாய் வெடிச்சிடும்!"

அவர் குரல் மாறியது. "தம்பி, அவசரமெண்டால் சட்டம் விடும். கதவைத் திறந்துகொண்டு போம். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது."

"சட்டம் விடும். அவங்க விடுவாங்களா?"

"அது உண்மைதான்" என்றார். "நான் காரைக் கொண்டு வாறன்." இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். அவர் கார் கிளம்பவில்லை. பாய்லரைப் போலவே அதுவும் முனகிவிட்டு அடங்கிவிட்டதாம்.

ரொட்டிக் கடைக்குப் போன் செய்தேன். ஓயாமல் எங்கேஜ்ட், சனிக்கிழமை அல்லவா.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு படி வரும். ஒரு பக்கம் குழாய்: வெடித்தால் இரண்டு மாடியும் நனையும். இன்னொரு பக்கம் அந்த அம்மாள்: அவர் இல்லாத நேரத்தில் அதே சாவியை இன்னொரு முறை போட்டால், நான் என்ன காரணம் சொன்னாலும் முதல் தடவையோடு சேர்த்துத்தான் எண்ணப்படும். குழாயைக் காசு கொடுத்து மாற்றலாம் என்று தோன்றியது. கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்ட்ரீட்காருக்கு ஓடினேன். அது சரியான முடிவா? வக்கீலைக் கேட்டால் முட்டாள்தனம் என்பார். கேட்டேன், அப்படித்தான் சொன்னார்.

கடை பார்லிமென்ட் தெருப் பக்கம். வாசல்வரை வரிசை. நான் வரிசையைத் தாண்டி முன்னே போனதும் நாலு பேர் முறைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மிஸஸ் ஃப்ரேசர் ரொட்டிகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன்: "உங்கள் சமையலறைக்குள் போக அனுமதி வேண்டும்."

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது.

"பாய்லர் நின்றுவிட்டது. உங்கள் குழாயைத் திறக்க வேண்டும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் கடிதத்தை நீ படிக்கவில்லையா?"

"இல்லை."

"கதவடியில் வைத்தேனே. எங்கே அது?"

"கடவுள் முன்னால் வைத்திருக்கிறேன்."

"எதற்கு?"

"நீங்கள் போவதாக எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன்."

"அவர் படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுப்பார் என்று நினைத்தாயா?"

வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். மிஸஸ் ஃப்ரேசர் சிரிக்கவில்லை. ஆனால் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். காலை நாலரைக்கே ரேடியேட்டர் சில்லிட்டதைப் பார்த்தாராம். அப்போதே தன் குழாய்களைத் திறந்துவிட்டு, சிங்க் அடியில் கதவைத் திறந்துவைத்து, பாய்லருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதிவைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறார். பதினோரு குளிர்காலம் அந்தப் பாய்லரோடு குடும்பம் நடத்தியவர் அவர்.

"உன்னிடம் சாவி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"சாவியை வைத்துக்கொண்டு, என்னைக் கேட்க ஸ்ட்ரீட்காரில் வந்தாயா?"

தலையாட்டினேன்.

"மடையா" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் தமிழாகவே விழுந்தது. "தண்ணீர் என்றால் கதவை உடைத்துக்கொண்டு போ. பால் என்றால்தான் கடிதம் எழுத வேண்டும்."

வீட்டுக்கு ஓடிவந்து, பிள்ளையாரிடமிருந்து உறையை வாங்கிப் பிரித்தேன். எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வால்வு, கடுங்குளிரில் ஒட்டிக்கொள்ளும், செருப்பின் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டு, பிறகு பொத்தானை அழுத்து. அவ்வளவுதான் எழுதியிருந்தது. தட்டினேன். அழுத்தினேன். பாய்லர் ஒரு முறை குலுங்கி, உறுமி, எழுந்தது. ஏழு மணிக்கே அந்த உறையைப் பிரித்திருந்தால் ஏழு பத்துக்கு வீடு சூடாகியிருக்கும்.

மத்தியானம் மிஸஸ் ஃப்ரேசர் திரும்பியபோது மாலதி கூடத்தில் காத்திருந்தாள். ஆறு வாரமாக நான் கேட்கப் பயந்த கேள்வியை இரண்டே வார்த்தையில் கேட்டாள்: "நீங்கள் போகிறீர்களா?"

அந்த அம்மாள் கையுறையைக் கழற்றியபடியே சொன்னார்: "போன வாரம் ஓர் இடம் பார்க்கப் போனேன். செயின்ட் ஜேம்ஸ் டவுனில். நல்ல இடம்தான். ஆனால் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது."

"எவ்வளவு நேரம்?" என்று நான் கேட்டேன்.

"நாற்பது நிமிடம். ஓர் ஆளிடமும் சொல்ல முடியவில்லை. இங்கே பரவாயில்லை, தேடிக்கொண்டு ஸ்ட்ரீட்காரிலாவது வருகிறார்கள்."

இருப்பதற்கு ஒரு நிபந்தனை சொன்னார். அதைத்தான் நான் உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். மேல்மாடிச் சாவியை ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் இருவரும் கையெழுத்திட்டு, கூடத்தில் ஆணியில் தொங்கவிட்டோம். நெருப்பு, தண்ணீர், இரண்டுக்கு மட்டும் கிழிக்கலாம். தினமும் போகும்போதும் வரும்போதும் அவர் அதைப் பார்ப்பார், நானும் பார்ப்பேன். இரண்டு வருஷமாக ஒரே உறை. ஓரம் பழுப்பேறிவிட்டது. வெண்ணெய்ப் பெட்டிகளை அன்றைக்கே பேஸ்மென்ட்டுக்கு இறக்கிக் கொடுத்தேன். ஒன்றில்கூட எதுவும் இல்லை. எட்டும் காலி. அதைப் பற்றி அவரிடம் நான் இதுவரை கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம் என்று மாலதியும் ஒப்புக்கொண்டாள்.

இப்போது இரண்டாவது வீடு. இரண்டு தெரு தள்ளி, இதே மாதிரி செங்கல் வீடு. மேலே ஒரு வாலிபன் இருக்கிறான், டிரம்பெட் வாசிப்பானாம். சிவம் அண்ணை இன்னும் பிக்கரிங்கைத்தான் சொல்கிறார். இந்த முறை ஏஜென்ட் அதே கேள்வியைக் கேட்டபோது நான் நகைச்சுவை செய்யவில்லை. அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளிர்கால ஜன்னல்கள், திரைச்சீலைக் கம்பிவரை எழுதச் சொன்னேன். அந்தக் கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். அப்படியும் நம்பிக்கை வராமல் மாலதி ஒரு சின்ன மின் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறாள். நாளும் வந்துவிட்டது: வருகிற வியாழக்கிழமை, காலை ஆறு பத்து, ரொறொன்ரோ நேரம் என்று அப்பா அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்.

நேற்று மிஸஸ் ஃப்ரேசர் கீழே வந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொடுத்தார். நீலப் பூப்போட்ட சாஸர். நடுவில் கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டம், தேய்த்தும் போகவில்லையாம். "இனி இது எனக்கு எதற்கு? இன்னொருவன் சாஸரை எடுக்காமல் இருந்தால் சரி" என்றார்.

விற்பவரிடம் சொல்லிவிட்டு, அந்த வாலிபனுக்கும் கடிதம் எழுதி அவன் கதவடியில் நழுவவிட்டு வந்திருக்கிறேன். வியாழன் காலை கீழ்வீட்டில் பால் காய்ச்சப் போகிறோம், தீய்ந்த நெடி வந்தால் பயப்படாதே, விருப்பமிருந்தால் இறங்கி வந்து ஒரு தம்ளர் குடி என்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்வரை பதில் இல்லை. வந்தால் பிள்ளையாருக்குக் காட்டாமல் நானே முதலில் பிரித்துப் படிப்பேன்.